குத்தாலம் கத்தி பழகியது

"அம்மா, குத்தாலத்துக்குக் கத்தி வராது," என்றார் ஆவுடையப்பன்.

உலகம்மை கிணற்றடியில் கீரை அலசிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கத்திக்குக் குத்தாலம் வருவாரா?"

"விளையாட்டு இல்லம்மா. இன்னைக்கும் தாடையில ரத்தம், நாடியில ரத்தம். படிகாரக் கட்டி தேய்ஞ்சு புளியங்கொட்டை அளவுக்கு வந்துட்டு."

"யாரு சொல்லிக் கொடுக்கா?"

"நான்தான்."

"எப்படிச் சொல்லிக் கொடுக்கீங்க அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல ஆரம்பித்தார். முகத்தை வெந்நீரில் ஊற விட வேண்டும். நுரையை மயிருக்கு எதிராகத் தேய்த்து அதை எழுப்ப வேண்டும். இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். கத்தி கன்னத்தில் படுத்தாற்போல் இருக்க வேண்டும். அதன் முதுகு மட்டும் கொஞ்சம் எழும்பியிருக்கலாம். மயிர் சாய்ந்த பக்கமாகவே இழுக்க வேண்டும். கத்தியின் பாரம் போதும், கையின் பாரம் அதோடு சேரக் கூடாது. குரல்வளைக்கு வரும்போது எச்சில் விழுங்கக் கூடாது.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு," என்றார் உலகம்மை.

"அதைத்தாம்மா நானும் சொல்லுதேன். சொல்லிக் கொடுக்கிறதுல குறை இல்ல. கைதான் அவருக்கு அமையல. வேற ஆளை அனுப்பிருவோம்."

உலகம்மை கீரையை உதறினார். ஆவுடையப்பனின் வேட்டியெல்லாம் தண்ணீர் தெறித்தது.

"மழைக்கு இன்னும் நாள் இருக்கு," என்றார்.

*

குடைக்கல் மலையின் அடிவாரத்தில் இருந்தது அந்த மடம். பெரிய மடம் இல்லை. ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, கிணறு, காய்கறிப் பந்தல்.

தலைவி உலகம்மைக்கு நாற்பது வயது இருக்கும். தலை மழித்தவர். மடத்து ஆண்கள் எல்லாருமே அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரை அம்மா என்றார்கள். அவர் அவர்களை அண்ணாச்சி என்றார். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

மலை உச்சியில் ஒரு குகைக் கோயில். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நடுவழியில் ஓடை பெருகிப் பாதை அறுந்துவிடும். மழை ஓயும்வரை ஒருவர் மட்டும் மேலே தங்குவார். விளக்கேற்றுவார், சோறு பொங்கிப் படைப்பார். அந்தி நேரத்தில் கீழே இருப்பவர்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

படையலில் ஒரு மயிர் விழக் கூடாது. அதனால் மேலே இருப்பவர் தலையும் முகமும் மழித்தபடியே இருக்க வேண்டும். மழித்துவிட அங்கே ஆள் கிடையாது. கண்ணாடியும் கிடையாது. முகம் பார்க்கவா மலை ஏறுகிறோம் என்று முன்னால் இருந்த ஒருவர் கேட்டாராம். அன்றிலிருந்து அந்த மலையில் கண்ணாடி ஏறவில்லை.

தலையைத் தடவித் தடவியே எடுத்துவிடலாம். முகம்தான் பெரும்பாடு.

ஆகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஏறப்போகிறவர், ஏறுகிற நாள் காலையில், தலைவியின் முன்னால் உட்கார்ந்து கண்ணாடி இல்லாமல் தம் முகத்தைத் தாமே மழிக்க வேண்டும். ஒரு துளி ரத்தம் வந்தாலும் அவர் ஏற முடியாது.

பல வருஷங்களாக ஆவுடையப்பனே ஏறிவந்தார். பூர்வத்தில் தச்சர். கூரான இரும்பு எதுவும் அவர் சொன்னபடி கேட்கும். ஆவுடையப்பன் நடந்துகொண்டே சவரம் செய்வார் என்று மடத்தில் சொல்வார்கள். அதை அவர் மறுப்பதில்லை.

இந்த வருஷம் அவருடைய நண்பர் கேட்டார்.

நண்பரின் பெயர் குத்தாலலிங்கம். குத்தாலம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் ஊராகப் பித்தளைப் பாத்திரம் விற்றவர். போன ஊரில் எல்லாம் முதலில் சவரக்கடையைத் தேடிப்போய் உட்கார்ந்து, ஊர்க்கதை கேட்டபடியே முகத்தைக் கொடுப்பார். கத்தியைத் தாமே தொட்டதில்லை.

"வாழ்நாள் பூரா வாயால பிழைச்சேம்மா," என்று உலகம்மையிடம் சொன்னார். "ஒரு மழைக்காலம் பேச ஆள் இல்லாம இருந்தா எனக்கு உள்ளே என்ன கேக்கும்னு பாக்கணும். இந்த வருஷம் விட்டா முழங்கால் என்னை ஏத்தாது."

"கத்தி பழகிட்டா போங்க," என்றார் உலகம்மை.

ஆவுடையப்பன் அப்போதே எழுந்து நின்றார்.

"நான் பழக்குதேன்," என்றார்.

*

காலையில் இருவரும் ஓடைப் பாறையில் உட்கார்ந்தார்கள். குத்தாலத்தின் முகமெல்லாம் நுரை.

"நாடியைத் தூக்கும்வே."

"தூக்கியாச்சு."

"கத்தியை ஏன் அப்படிப் பிடிக்கீரு? கரண்டியா அது?"

"கரண்டின்னா இந்நேரம் சாப்பிட்டு முடிச்சிருப்பேன்."

"பேசாதீரும். கன்னம் ஆடுது."

"நீரு பேசலாம், நான் பேசக் கூடாதோ?"

"என் கன்னத்துல கத்தி இல்லையே."

குத்தாலம் கத்தியை வைத்து இழுத்தார். அது கொஞ்சம் போய் நின்றது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"புடுங்குதுவே."

"முதல்ல அப்படித்தான் இருக்கும். தோலை இழுத்துப் பிடியும்."

"பிடிச்சிருக்கேன். மயிரு போக மாட்டேங்குது."

"பொறுமையா எடும்."

குத்தாலம் பொறுமையாக எடுத்துப் பார்த்தார். நுரை போயிற்று, மயிர் அப்படியே இருந்தது. இன்னொரு முறை இழுத்தார், கொஞ்சம் அழுத்தி. பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தி. கத்தி நின்று நின்று போய், நாடியில், மோவாய் நுனியில், தடுக்கி, சட்டென்று வழுக்கியது.

வெள்ளை நுரையில் சிவப்பு பரவியது.

"அழுத்தாதீரும்னு சொன்னேனே!" என்றார் ஆவுடையப்பன். கையில் படிகாரம் தயாராக இருந்தது.

"அழுத்தலைன்னா போகல. அழுத்துனா அறுக்கு. நடுவுல என்னவே இருக்கு?"

ஆவுடையப்பன் படிகாரத்தை வைத்து அழுத்தினார். நண்பரின் நாடியைப் பிடித்து, குழந்தைக்குத் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டார்.

*

அன்று உச்சிப்பொழுதில் குத்தாலம் உலகம்மையின் அறை வாசலில் வந்து நின்றார். கையில் மடக்கிய கத்தியும் செம்பும்.

"இதை வாங்கி வச்சுக்கிடுங்கம்மா. நான் ஏறல."

"ஏன்?"

"கை சரியில்ல. எல்லாருக்கும் எல்லாமும் வருமா? ஆவுடையப்பன் மாதிரி ஒரு ஆளு சொல்லிக் கொடுத்தும் வரலைன்னா, குத்தம் யாருது?"

உலகம்மை கத்தியைப் பிரித்தார். தம் முன்கையில் வைத்து மெல்ல இழுத்தார்.

கையின் பூனைமயிர் சாய்ந்தது. கத்தி போனதும் எழுந்து நின்றது.

"இதை யாரு தீட்டுதா?"

"அவருதான். தினமும் எனக்கு முன்னாடி எந்திரிச்சு, தோல் வார்ல தீட்டி, செம்புல தண்ணியும் எடுத்து வச்சிருவாரு. அப்படி ஒரு மனுசன் கிடைக்க மாட்டாரும்மா."

"கிடைக்க மாட்டாருதான்."

உலகம்மை செம்பை வாங்கி விளிம்பில் விரல் ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அதைப் பாத்தீங்களா!" என்றார் குத்தாலம். பாத்திரக்காரர் கண் அல்லவா. "நல்ல வார்ப்புச் செம்பு. நான் கொண்டாந்தது. விளிம்புல கோடு கோடாக் கீறி வச்சிருக்காங்க. எவன் கையில கிடந்து சீரழியுதோ!"

"செம்பும் இங்கே இருக்கட்டும்," என்றார் உலகம்மை. "ஏறலைங்கிறதை நாளைக்கு வந்து சொல்லுங்க."

"நாளைக்கும் இதைத்தாம்மா சொல்லுவேன்."

"அப்போ நாளைக்கே சொல்லலாம்."

*

வெயில் தாழ்ந்த பிறகு ஆவுடையப்பனுக்கு அழைப்பு வந்தது.

"அண்ணாச்சி, என் அறைத் தாழ்ப்பாள் சரியா விழ மாட்டேங்குது. குழியைக் கொஞ்சம் ஆழமாக்கணும். உங்க உளியும் கொட்டாப்புளியும் எடுத்து வச்சிருக்கேன்."

ஆவுடையப்பன் நிலைப்படி ஓரம் சம்மணமிட்டு உட்கார்ந்தார். குழியில் உளியை வைத்து, கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினார். உளி மரத்தில் ஏறவில்லை. பலமாகத் தட்டினார். உளி சறுக்கி, இடது கை விரலை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது.

உளியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"யாரும்மா இதைத் தொட்டது?"

"ஏன்?"

"வாயே இல்ல இதுக்கு! எதுலயோ போட்டுத் தேய்ச்சிருக்காங்க. தச்சன் வீட்டுல இப்படிச் செஞ்சா சோறு கிடையாது, தெரியுமா? மழுங்கின உளி மரத்துல ஏறாது. ஏறாததை ஏத்த நாம ஓங்கி அடிப்போம். அது வழுக்கிக்கிட்டு வந்து நம்ம கையில ஏறும். கூரா இருக்கிற உளி ஒருத்தரையும் ஒண்ணும் செய்யாதும்மா. இந்த மாதிரி உளிதான் ஆளை முடிக்கும். எந்தப் பாவி செஞ்சது இதை?"

"நான்தான்."

ஆவுடையப்பன் திகைத்தார்.

"நீங்களா? எதுக்கு?"

"ரொம்பக் கூரா இருந்துச்சு. உங்க கையை அறுத்துருமேன்னு பயந்தேன். அம்மிக்கல்லுல போட்டு இழுத்துட்டேன்."

ஆவுடையப்பன் உளியைக் கீழே வைத்தார்.

உலகம்மை உள்ளே போய்ச் செம்பை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தார். வெறும் செம்பு. கீறல் விழுந்த விளிம்பு அவரைப் பார்த்தபடி இருந்தது.

"தண்ணி குடிக்கீங்களா அண்ணாச்சி?"

"வேண்டாம்மா."

கீறல்களை விரலால் தடவியபடி ஆவுடையப்பன் பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"அவருக்குக் கழுத்துல ஒரு நரம்பு துடிக்கும். பாத்திருக்கீங்களா? முதல் நாள் நல்லாத் தீட்டித்தான் கொடுத்தேன். கத்தி நேரா அந்த நரம்பு மேல போச்சு. எனக்குக் கண் இருட்டிட்டு. மறுநாள் கத்தியைச் செம்பு விளிம்புல ஒரு இழுப்பு இழுத்துக் கொடுத்தேன். பிறகு தினமும் அப்படியே ஆயிட்டு."

உலகம்மை தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். குத்தாலம் விட்டுப்போன கத்தியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இந்தக் கதவு திறந்தே கிடக்கட்டும். நீங்க போங்க."

*

சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியைப் படுக்க வைத்து, பொழுது சாயும்வரை ஆவுடையப்பன் தேய்த்தார். பிறகு தோல் வாரைத் தூணில் கட்டி இழுத்துப் பிடித்து, அதில் தீட்டினார். முன்கையில் வைத்துப் பார்த்தார். கத்தி தொட்டதும் மயிர் உதிர்ந்தது.

அதைக் கொண்டுபோய்க் குத்தாலத்தின் முன்னால் வைத்தார்.

"என்னவே, புதுக் கத்தியா?"

"பழசுதான்."

"மின்னுதே."

"இத்தனை நாளும் நான் மழுக்கித்தான் உமக்குக் கொடுத்தேன்."

குத்தாலம் சிரித்தார். பிறகு நண்பரின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"எதுல மழுக்குனீரு?"

"உம்ம செம்புல."

குத்தாலம் பேசாமல் இருந்தார். அவர் அப்படி இருந்து ஆவுடையப்பன் பார்த்ததில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

"செம்பு போகட்டும்வே," என்றார் கடைசியில். "நான் என் கைதான் விளங்காத கைன்னு நெனச்சேன். படுத்தா இந்தக் கையையே பாத்துக்கிட்டுக் கிடப்பேன். இன்னைக்கு அம்மாகிட்டப் போயி ஏறலைன்னு சொல்லிட்டேன். எனக்கு இனி ஒரு வருஷம் கிடையாதுன்னு உமக்குத் தெரியும்."

"உமக்கு ஏதாவது ஆயிருமோன்னு..."

"ஆயிட்டா என்னவே? போன மழையில நீரு மேலே இருந்தீரு. மலையில இடி விழுந்துச்சு. பாறை ரெண்டாப் பிளந்துச்சு. நான் ஏறி வந்து உம்மைக் கீழே இழுத்தேனா?"

"இல்ல."

"இங்கேயே உக்காந்து அழுதேன். அது என் பாடு."

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

குத்தாலம் கத்தியை எடுத்துப் பிரித்தார். நுரைகூடப் போடாமல் கன்னத்துக்குக் கொண்டுபோனார். ஆவுடையப்பன் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையை விடும்! இன்னுமா பயம்?"

"பயம் இல்லவே. கேளும். மழுங்கின கத்தியால உம்ம கை அழுத்திப் பழகிட்டு. நான்தான் பழக்கிட்டேன். அந்தக் கையில இந்தக் கூரு போனா தோல் தாங்காது. வாரும், காட்டுதேன்."

*

பந்தலில் தடியங்காய் தொங்கியது. வெள்ளைப் பூசணியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பிஞ்சாக இருக்கும்போது அதன் மேலெல்லாம் பொடி மயிர் இருக்கும், மனுஷன் கன்னத்தில் இருப்பதுபோல.

ஒன்றைப் பறித்து, நுரை தடவி, குத்தாலத்தின் மடியில் வைத்தார் ஆவுடையப்பன்.

"உம்ம கன்னம்னு நெனச்சு எடும்."

குத்தாலம் இழுத்தார். கத்தி வெண்ணெயில் போவதுபோல உள்ளே போயிற்று. ஒரு துண்டு தனியாக மடியில் விழுந்தது.

இருவரும் அந்தத் துண்டைப் பார்த்தார்கள்.

"என் கன்னம்," என்றார் குத்தாலம்.

"கூட்டு வைக்கலாம்," என்றார் ஆவுடையப்பன்.

குத்தாலத்துக்கு அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டார். கோபம் போய்விடவில்லை. ஆனாலும் சிரித்தார்.

மறுநாளும் தடியங்காய்தான். அதற்கு அடுத்த நாளும். மெல்ல, மெல்ல என்று ஆவுடையப்பன் சொல்லிக்கொண்டே இருந்தார். மெல்லத்தான் எடுக்கேன் என்று குத்தாலம் சொல்லிக்கொண்டே இருந்தார். கத்தி சொல்வதைக் கேட்கவில்லை. கிழக்கே மேகம் கட்டத் தொடங்கிவிட்டது.

மடத்தில் தினமும் தடியங்காய்க் கூட்டு. அது தீர்ந்தால் தடியங்காய் மோர்க்குழம்பு. பந்தியில் ஒருவர் முணுமுணுத்தார். "இவங்க ரெண்டு பேரும் சவரம் பழகுறதுக்குள்ள நமக்கு உடம்புல கொடி படர்ந்துரும்போல."

உலகம்மை தம் இலையில் இருந்த ஒரு துண்டை விரலால் நகர்த்தினார்.

"அண்ணாச்சி, தடியங்காய்க்கு வலிக்காதுல்லா?" என்றார்.

"அதுக்கு எப்படிம்மா வலிக்கும்?" என்றார் ஆவுடையப்பன்.

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். பிசைந்த கை பாதியில் நின்றது.

*

காலையில் குத்தாலம் ஓடைப் பாறைக்கு வந்தபோது தடியங்காயைக் காணோம். ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். அவர் முகமெல்லாம் நுரை.

"என்னவே இது?"

"எடும்."

"யாருக்கு?"

"எனக்கு."

"கிறுக்குப் பிடிச்சிட்டா உமக்கு? நேத்து நான் அறுத்த துண்டு எவ்வளவு பெருசுன்னு நீருதானே காட்டுனீரு?"

"காட்டுனேன்."

"இது காய் இல்லவே. கழுத்து!"

ஆவுடையப்பன் தலையைப் பின்னால் சாய்த்தார். தொண்டை முழுதும் தெரிந்தது. கத்தியைப் பிரித்து நண்பரின் பக்கம் நீட்டினார், பிடி அவர் கைக்குப் போகும்படி.

குத்தாலம் வாங்கினார். பாறையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். திரும்பி வந்து நின்றார். கையை ஓடையில் நனைத்துத் துடைத்தார்.

கத்தியைக் கன்னத்தில் வைத்தார்.

"தோலை நல்லா இழுத்து..." என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன்.

"பேசாதீரும். கன்னம் ஆடுது."

ஆவுடையப்பன் வாயை மூடிக்கொண்டார்.

கத்தி நகர்ந்தது. தொட்டதா தொடவில்லையா என்று தெரியாமல் நகர்ந்தது. காது ஓரத்திலிருந்து தாடை வரைக்கும் ஒரு பட்டை நுரை போயிற்று. அதன் கீழே தோல் வழவழவென்று இருந்தது.

குத்தாலம் கத்தியைப் பார்த்தார். தம் கையைப் பார்த்தார்.

"நான் ஒண்ணுமே செய்யலையே," என்றார்.

ஆவுடையப்பன் ஏதோ சொல்லத் துடித்தார். கத்தி மறுபடியும் கன்னத்துக்கு வந்துவிட்டது.

குத்தாலம்தான் பேசிக்கொண்டே எடுத்தார். இந்த ஆளு வாயை மூட வைக்க என்ன பாடு பட வேண்டியிருக்கு, முன்னாலேயே கத்தி கையில கிடைச்சிருந்தா எவ்வளவு நிம்மதியா இருந்திருக்கும் என்றெல்லாம் பேசினார். தொண்டைக்கு வந்ததும் அந்தப் பேச்சும் நின்றது.

பாறையில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. கத்தி போகிற சத்தம். கோலப்பொடி உதிர்வதுபோல அவ்வளவு சின்னது. இருவரும் அதைக் கேட்டார்கள்.

குரல்வளைக்குக் கீழே ஓரிடத்தில் ஆவுடையப்பனின் புருவம் நெளிந்தது. ஒரு சிவப்புப் பொட்டு எழும்பியது. குத்தாலத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"வலிச்சுதாவே?"

"வலிச்சுது."

"நிறுத்திருவோமா?"

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்தார்.

மீதிக் கழுத்தைக் குத்தாலம் மழித்து முடித்தார். அந்த ஒரு பொட்டைத் தவிர வேறு பொட்டு இல்லை.

மறுநாள் சவரத்தில் அதுவும் இல்லை.

அதன் பிறகு ஒரு காலையில் குத்தாலம் கத்தியைத் தம் முகத்துக்குத் திருப்பினார். ஆவுடையப்பன் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தள்ளிப் போய் நின்றார்.

"எதுவும் சொல்லணுமா?" என்று கேட்டார் குத்தாலம்.

"ஒண்ணும் இல்ல."

"நிசமாவா?"

"எச்சில் மட்டும்..."

"விழுங்க மாட்டேன்வே!"

*

ஏறும் நாள் வந்தது. கிழக்கு முழுதும் கறுத்துக் கிடந்தது. கூடத்தில் மடத்து ஆட்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். உலகம்மை நடுவில் இருந்தார். அவர் எதிரே குத்தாலம், நுரை பூசிய முகத்தோடு.

குத்தாலம் கத்தியைப் பிரித்தார். வைக்கப் போனவர் நிறுத்தினார்.

"அம்மா, இவரை வெளியே போகச் சொல்லுங்க. இவரு மூச்சு விடுறது எனக்குக் கேக்குது."

கூடத்தில் சிரித்தார்கள். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

"நான் மூச்சை அடக்கிக்கிடுதேன்," என்றார்.

"அடக்குனா அதுவும் கேக்கும்வே."

உலகம்மை ஆவுடையப்பனைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

ஆவுடையப்பன் எழுந்து போனார்.

மலைப்பாதை தொடங்குமிடத்தில் ஒரு கல் கிடந்தது. அதில் உட்கார்ந்தார். உட்கார முடியாமல் எழுந்தார். கூடத்துப் பக்கம் காதைத் தீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. இப்போது வலது கன்னம் முடிந்திருக்கும். இப்போது உதட்டு மேல். இப்போது நாடிக்குழி. இப்போது கழுத்து, அந்த நரம்பு. அவரை அறியாமல் அவருடைய கை தம் கழுத்துக்கே போயிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் தூறல் விழுந்தது.

ஏறுகிறவரை யாரும் வழியனுப்பக் கூடாது என்பது அங்கே முறை. அதனால் குத்தாலம் தனியாகத்தான் வந்தார். தோளில் அரிசி மூட்டை, இடுப்பில் செருகிய கத்தி. மழைக்குத் தலையோடு சேர்த்து நாடி வரைக்கும் துண்டைச் சுற்றி முடிந்திருந்தார். கண்ணும் மூக்கும்தான் வெளியே தெரிந்தன.

ஆவுடையப்பன் எழுந்து நின்றார்.

குத்தாலம் அவரைக் கடந்து போனார். பாதையின் முதல் கல்லில் கால் வைத்தார். முழங்காலில் கையை ஊன்றி அடுத்த கல்லுக்கு ஏறினார்.

"குத்தாலம்!"

அவர் நிற்கவில்லை.

"துண்டை எடும்வே. ஒரு தடவை பாத்துக்கிடுதேன்."

அவர் ஏறிக்கொண்டிருந்தார்.

"நாடிக்குழியை எப்படி எடுத்தீரு? அதையாவது சொல்லிட்டுப் போம்!"

மழை வலுத்தது. பாதை வளையும் இடத்தில், மரம் மறைப்பதற்கு முன்னால், குத்தாலம் திரும்பினார். துண்டில் கை வைக்கவில்லை.

"மழை விட்டதும் மேலே வாரும்வே," என்றார். "வந்து தடவிப் பாரும்."